மொய் மேஜையும் வாசற்காவலும்

ஆடி பிறந்து ஆவணி முடிகிற வரையில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழைப் பகுதியில், கீரமங்கலத்திலும் அதைச் சூழ்ந்த வடகாடு, மாங்காடு, குளமங்கலம், கொத்தமங்கலம், சேந்தன்குடி, பனங்குளம் முதலிய ஊர்களிலும் நடக்கிற மொய் விருந்தைக் கண்டறியாதவர்கள், கல்யாணமும் இல்லாமல் காதுகுத்தும் இல்லாமல் ஒரு மனிதன் பந்தல் போட்டு, பத்திரிகை அச்சிட்டு, ஆட்டுக்கறிச் சோறு ஆக்கி ஊரையும் உறவையும் அழைப்பது எதற்காக என்று ஆச்சரியப்படக்கூடும். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மேஜைக்குப் போய்த் தங்கள் சக்திக்கேற்ற தொகையை மொய்யாக எழுதுகிறார்கள். அப்படி எழுதிய தொகை, எழுதியவர் விருந்து வைக்கும் காலத்தில், அதன்மேல் கொஞ்சம் புது மொய்யும் சேர்ந்து அவரிடம் திரும்பி வருகிறது. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. மொய் நோட்டு ஒன்றே சாட்சி. பேராவூரணிப் பக்கத்தில் தோன்றி இங்கே வந்து வேரூன்றியதாகச் சொல்லப்படும் இந்த வழக்கத்தினால் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆழ்குழாய்க் கிணறு கிடைத்திருக்கிறது, ஓட்டு வீடு மாடி வீடாகியிருக்கிறது, பெண்ணுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளையும் பலாக்களையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வழியில்லாமல் ஜனங்கள் பட்ட மனவேதனையைக் கண்டவர்களுக்கு, அந்த நோட்டில் இருப்பது வெறும் கணக்கு மாத்திரம் அல்ல என்பது விளங்கும்.

அந்த மேஜையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பையன்களில் கையெழுத்து உருண்டையாக இருந்தவன் என்ற ஒரே தகுதியினால், உறவினர் ஒருவருடைய விருந்தில் என்னை மொய் எழுத உட்கார்த்தி வைத்தார்கள். பலர் கூட்டாக நடத்திய விருந்து அது. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மேஜை, ஒரு பித்தளைப் பாத்திரம், ஒரு நோட்டு, எழுத ஒருவர், பணம் எண்ண ஒருவர். காலையில் வேலை சுகமாக நடந்தது. நடுப்பகல் தாண்டி, முதல் இரண்டு பந்திகள் எழுந்து கை கழுவிக்கொண்டு ஒரே சமயத்தில் மேஜையை நோக்கி வந்த நேரத்தில்தான், பெரியவர் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார்.

“எழுதிக்கங்க தம்பி. பனங்குளம் வடக்கு. பிலாத்தோட்டத்து வீடு. எம் பேருக்கு ஐநூறு. சிங்கப்பூர்ல இருக்கிற மூத்தவன் பேருக்கு ஐநூறு, அது தனியா வேணும். சேந்தன்குடியில குடுத்த பொண்ணு, அவ மாப்பிள்ளை பேருக்கு ஒண்ணு. இருங்க, போன தடவை அவர் பேர்ல எவ்வளவு வந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, அதுக்குத் தக்கன செய்வோம்.”

நான் பழைய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கினேன். ஒரே பெயரில் மூவர் இருந்தார்கள். ஒருவருக்கு இனிஷியல் இல்லை. பெரியவர் பொறுமையாக நின்றார், நானும் சிரத்தையாகத் தேடினேன், எங்கள் இருவருக்கும் பின்னால் வரிசை பந்தலைத் தாண்டிப் போர்செட் வரைக்கும் நீண்டுவிட்டது. பந்தியில் இலை காலியாகியும் எழுந்தவர்களுக்குப் போக இடமில்லாததால் அடுத்த பந்தி உட்கார முடியவில்லை, சோறு ஆறிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் மேற்பார்வைக்கு இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் என் தோளைத் தொட்டு, “தம்பி, மொதல்ல ஊர், பேர், தொகை. இந்த மூணு மட்டும் வாங்கு. பழைய நோட்டை இந்த மேஜையில தொறக்காதே” என்று சொல்லிவிட்டு, பெரியவரைப் பார்த்து, “மாமா, நீங்க இப்படித் திண்ணைக்கு வாங்க, நான் பாத்துச் சொல்றேன்” என்று மரியாதையாக அழைத்துப் போனார். அரை நாழிகைக்குள் வரிசை கரைந்தது.

பெரியவரிடம் குற்றம் எதுவும் இல்லை. அவர் கேட்டது முழுதும் நியாயமானதே. என்னிடமும் சோம்பல் இருக்கவில்லை. சரிபார்க்கும் காரியமே ஒரு செலவு, அந்தச் செலவை எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மேஜைக்கு முன்னால் நிற்பவரிடம் விட்டுவிட்டேன் என்பதுதான் நடந்த பிசகு. பின்னாளில் கணினிகளோடு காலம் கழிக்கும் தொழிலுக்கு நான் வந்த பிறகு, உலகத்தின் பெரிய பெரிய இணையத்தளங்களின் வாசலிலும் இதே பிசகு வேறு வேஷத்தில் நிகழ்ந்திருப்பதையும், பெரியவரைப் போன்ற நல்லவர்களாக அல்லாமல் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அதைத் தெரிந்தே ஆயுதமாக்கிக்கொண்டதையும் கண்டேன். உள்ளே நுழைந்து திருடுவது ஒரு வகைத் தீங்கு. உள்ளே நுழையாமலே, வாசற்காவலனுக்கு ஓயாத வேலை வைத்து, நியாயமாக வந்தவர்கள் எவரும் நுழைய முடியாதபடி செய்வது இன்னொரு வகை. இந்த இரண்டாவதைச் சேவை மறுப்புத் தாக்குதல் என்கிறார்கள். அதிலும் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இடத்தையே பற்றிக்கொண்டு வாசலை அடைக்கும் முறைக்கு நெடிய சரித்திரம் ஒன்று உண்டு.

கடவுச்சொல் கணினிக்குள் புகுந்தது 1960-களின் தொடக்கத்தில். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும் 1961-ஆம் ஆண்டு நவம்பரில் செய்துகாட்டினார்கள். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் பாராமல் இருக்க ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் வேண்டியிருந்தது, கொடுத்தார்கள். அந்தச் சொற்கள் எல்லாம் எழுதியது எழுதியபடியே ஒரு கோப்பில் கிடந்தன. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், அந்தக் கோப்பையே அச்சிட்டுத் தரும்படி இயந்திரத்தை ஏவி, மற்றவர்களுடைய சொற்களை எடுத்துக்கொண்டார். 1966-இல் அதைவிட விசித்திரமான சம்பவம் ஒன்று நடந்தது: நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறிப்போய், உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய ரகசியமும் ஓலைபோல விரிந்தது.

ரகசியத்தை அப்படியே எழுதி வைக்கலாகாது என்னும் ஞானம் இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் நீதம், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், சொல்லைச் சேமிக்காமல் சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றில் இட்டு வந்த விடையை மாத்திரம் சேமிக்கும் யுக்தியைக் கொண்டுவந்தார். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல, விடையிலிருந்து சொல்லை மீட்க முடியாது. மறுபடி அதே சொல்லைக் கொடுத்தால் அதே விடை வரும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது ஹாஷ் என்று புரோகிராமர்கள் அன்றாடம் சொல்லுவது இதைத்தான்.

யூனிக்ஸ் என்னும் அமைப்பை உருவாக்கிய பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்ஸனும் இந்த யுக்தியை எடுத்து ஆண்டபோது, எதிர்பாராத சங்கடம் ஒன்று தலைகாட்டியது. அவர்கள் முதலில் வைத்த கணக்கு மிகவும் வேகமானது. காவலனுக்கு வேகம் என்றால் திருடனுக்கும் வேகம்தானே! கோப்பைக் கவர்ந்துகொண்டவன் தனக்குத் தோன்றிய சொற்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கில் இட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே அவர்கள் கணக்கை வேண்டுமென்றே மந்தமாக்கினார்கள். ஒரே மறையாக்கத்தை 25 முறை திரும்பச் செய்யும்படி வைத்து, ஒவ்வொருவர் சொல்லோடும் 4,096 வகையான சிறு கலப்புகளில் ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தக் கலப்புக்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு. 1979-ஆம் ஆண்டு நவம்பரில் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் நூற்றுக்கு 86 பங்கு எளிதில் ஊகிக்கக் கூடியவையாக இருந்தன என்று கணக்குக் காட்டினார்கள். ஜனங்கள் நல்ல சொல்லைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், ஆகையால் காவலன் நிதானமாகச் சோதிக்க வேண்டும் என்பது அக்கட்டுரை விதைத்த கருத்து. அடுத்த நாற்பது ஆண்டுக் கடவுச்சொற் காவல் முழுதும் அந்த விதையின் விருக்ஷமே.

அந்தப் பழைய யூனிக்ஸ் கணக்கு முதல் எட்டு எழுத்துக்கு மேல் எதையும் பார்க்காது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் இதை ஒரு குறையாகவே எழுதி வந்திருக்கிறார்கள், குறைதான். ஆனால் அந்தக் குறையினுள்ளே ஒரு நன்மையும் இருந்தது: ஆயிரம் எழுத்து கொண்ட சொல்லோடு வந்தாலும் காவலன் எட்டோடு நிறுத்திவிடுவான், ஆகையால் அவனுக்கு எவரும் அளவிறந்த வேலை வைக்க முடியாது. குறை நீங்கியபோது அந்த நன்மையும் கூடவே நீங்கியதை வெகுகாலம் ஒருவரும் கவனிக்கவில்லை.

இதற்கிடையில் 1988-ஆம் வருஷம் வந்தது. நவம்பர் 2-ஆம் தேதி இரவு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சிசாலைகளிலும் இருந்த கணினிகள் ஒவ்வொன்றாகத் திணறி அசைவற்றுப் போயின. காரணம், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே பரவும் ஒரு நிரல். அது பரவிய வழிகளில் ஒன்று கடவுச்சொல்லை ஊகிப்பது: பயனருடைய பெயரையே சொல்லிப் பார்க்கும், பெயரைத் தலைகீழாகச் சொல்லிப் பார்க்கும், பிறகு தன்னோடு கொண்டுவந்த 432 சொற்கள் அடங்கிய ஜாபிதாவை எடுத்துக்கொள்ளும். ஒரே கணினியில் அதன் பிரதிகள் மேலும் மேலும் குவிந்து, ஒவ்வொன்றும் ஊகத்தில் முனைந்து இயந்திரத்தின் நேரத்தை விழுங்கியதனால், உடையவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அக்காலத்து மதிப்பீடு. அதை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கடவுச்சொற் காவலைப் பற்றிக் கட்டுரை எழுதிய அதே ராபர்ட் மாரிஸின் குமாரர். தகப்பனார் அந்த நேரத்தில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்தார். மகனுக்கு 1990-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், அபராதமும் விதிக்கப்பட்டன. தகப்பன் காவலனுக்குப் பொறுமையைக் கற்பித்தான், பிள்ளை அந்தப் பொறுமையின் விலையைப் பிறர் தலையில் ஏற்றினான் என்று இதிகாசக்காரன் எவனாவது கற்பனை செய்திருந்தால் மிகையென்று தள்ளியிருப்போம். சரித்திரத்தில் அப்படியே நடந்திருக்கிறது.

கணினிகள் வேகமாகிக்கொண்டே போனதனால், 25 முறை என்பது விரைவிலேயே ஒன்றுமில்லாமற்போயிற்று. 1999-இல் நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியரும் பீகிரிப்ட் என்ற முறையை வெளியிட்டார்கள்; மந்தத்தின் அளவை வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் விசேஷம். 2000-இல் பீபீகேடிஎஃப்2 என்னும் முறை பதிவாயிற்று; ஆயிரக்கணக்கான முறை கணக்கைத் திரும்பச் செய்வது அதன் இயல்பு. கடவுச்சொல் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், நீளமாக இருப்பதே நல்லது என்ற உபதேசமும் அதே காலத்தில் பரவியது. ஒரு பக்கம் எல்லையற்ற நீளம், மறுபக்கம் ஆயிரக்கணக்கான சுற்று. இரண்டையும் பெருக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பெருக்கிப் பார்த்த நாள் 2013 செப்டம்பரில் வந்தது. ஜாங்கோ என்பது இணையத்தளங்கள் கட்டுவோர் உலகமெங்கும் கையாளும் ஒரு சாதனத் தொகுப்பு. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்து 2005-இல் பொதுவுக்கு வந்தது. அதில் கடவுச்சொல்லின் நீளத்துக்கு வரம்பு இல்லை. சுமார் பத்து லட்சம் எழுத்து கொண்ட ஒரு பொய்ச் சொல்லை ஒருவன் அனுப்பினால், அது தவறு என்று கண்டுபிடிக்கவே சர்வருக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் பிடித்தது. அனுப்புகிறவனுக்கோ அது ஒரு நொடிச் செலவு. இப்படிப் பத்துப் பேர், அல்லது பத்துப் பேர் வேஷத்தில் ஒருவனே, விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் வாசல் அடைந்துபோகும். அவன் யாருடைய கணக்கையும் திறக்க வேண்டியதில்லை. தவறான சொல்லே அவனுக்குப் போதும்.

ஜாங்கோவைப் பராமரிப்பவர்கள் செப்டம்பர் 15-ஆம் தேதி அவசரமாகத் திருத்தம் வெளியிட்டு, பைட் என்னும் கணினி அளவில் 4,096-க்கு மேற்பட்ட சொல்லைச் சோதிக்காமலே தள்ளிவிடும்படி செய்தார்கள். பிறகு நிதானமாக ஆராய்ந்தபோது, நீளமான சொல்லை ஒருமுறை சுருக்கி வைத்துக்கொண்டு அந்தச் சுருக்கத்தையே எல்லாச் சுற்றுகளிலும் பயன்படுத்தலாம் என்றிருக்க, தங்கள் நிரல் ஒவ்வொரு சுற்றிலும் முழுச் சொல்லையும் புதிதாகச் சுருக்கிக்கொண்டிருந்தது என்பது தெரியவந்தது. நான் ஒவ்வொரு பெயருக்கும் பழைய நோட்டை முதற்பக்கத்திலிருந்து புரட்டினேனே, அதே வேலை! அடுத்த மாதமே அதைச் சீர்செய்து, அவசர வரம்பை எடுத்துவிட்டார்கள். கதவை அடைத்துக்கொண்டு, காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மறுபடி கதவைத் திறந்த அந்தக் கிரமம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வரம்பு என்று சொல்லும்போது தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கீரமங்கலம் என்ற பெயரில் எழுத்து ஏழு. கணினியோ கீ என்பதில் ககரத்தையும் ஈகாரக் குறியையும் வேறுவேறாக எண்ணும், மெய்யெழுத்தின் புள்ளியும் அதற்குத் தனி, ஆகப் பத்து. இன்று எங்கும் வழங்கும் முறைப்படி அந்தப் பத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். ஆகவே நமக்கு ஏழாகத் தோன்றுவது அதற்கு முப்பது. பீகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. எங்கள் ஊர்ப் பெயரை இரண்டு முறை எழுதி, மூன்றாம் முறை தொடங்கினால் நாலு குறிக்குள் அதன் பார்வை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு 72 எழுத்துத் தாராளமான வரம்பு; தமிழில் ஒரு நீண்ட வாக்கியத்தையே கடவுச்சொல்லாக வைக்க விரும்புகிறவருக்கு அது இருபதுக்கும் குறைந்த எழுத்தில் முடிகிற வரம்பு. எத்தனை என்று விதிக்கிறவர்கள் எழுத்தை எண்ணுகிறார்களா, பைட்டை எண்ணுகிறார்களா என்பதைச் சொல்லாமல் விட்டால், நம் பாஷைக்காரர்களே முதலில் இடறி விழுவார்கள்.

இனி, கணக்கிடுவதற்கும் முன்னால் நிற்கும் இன்னொரு சோதனையைப் பார்க்க வேண்டும். புதிய கடவுச்சொல் வைக்கும்போது, பெரிய எழுத்து ஒன்று வேண்டும், எண் ஒன்று வேண்டும், குறியீடு ஒன்று வேண்டும், உங்கள் பெயர் அதற்குள் வரக்கூடாது என்றெல்லாம் கட்டளையிடுகிறார்களே, அந்தக் கட்டளைகளைச் சரிபார்ப்பதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வாய்பாட்டைப் பயன்படுத்துவது வழக்கம். ஓர் எழுத்துக்கோவை இன்ன வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வாய்பாடு அது. வாய்பாட்டை அஜாக்கிரதையாக எழுதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல எங்கள் ஊர்ப் பூக்கடையைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

ஒன்றோ பலவோ மொட்டுக்கள் சேர்ந்தது ஒரு கண்ணி. ஒன்றோ பலவோ கண்ணிகள் சேர்ந்தது ஒரு சரம். சரத்தின் கடைசியில் ஒரு கனகாம்பரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுவோம். முப்பது மல்லிகை மொட்டுக்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசியில் கனகாம்பரம் இல்லை. பூக்கட்டும் பெண்பிள்ளையிடம் கொடுத்தால் நுனியை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதுல கனகாம்பரம் இல்லையே அக்கா” என்று சொல்லிவிடுவாள். இயந்திரமோ, முப்பதையும் ஒரே கண்ணியாக வைத்துப் பார்க்கும், சரிவராது, இருபத்தொன்பதையும் ஒன்றையும் பிரித்துப் பார்க்கும், சரிவராது, இப்படியே பிரிக்கக்கூடிய எல்லா விதங்களிலும் பிரித்துப் பார்த்த பிறகே இல்லை என்று ஒப்புக்கொள்ளும். பத்து மொட்டானால் 512 விதம். இருபதானால் ஐந்து லட்சத்துக்கும் மேல். முப்பதானால் 53 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு மொட்டுக்கும் வேலை இரட்டிக்கிறது. அங்கே நீளமான சொல்கூட வேண்டியதில்லை. முப்பது எழுத்தே ஒரு சர்வரை முழங்காலிடச் செய்துவிடும்.

இதைவிட ஆபத்தானது, கடவுச்சொல்லில் பயனர் பெயர் வரலாகாது என்ற விதியைச் சோதிக்கும்போது, பயனர் தாமே தந்த பெயரை அப்படியே வாய்பாடாக ஏற்றுக்கொள்வது. பெயர் என்ற இடத்தில் மேலே சொன்ன கண்ணி விதியையும், கடவுச்சொல் என்ற இடத்தில் முப்பது மொட்டையும் ஒருவன் எழுதிவிட்டால், காவலனை எதிரியே நியமித்ததற்கு ஒப்பாகும்.

இத்தனைக்கும் இந்த வியாதிக்கு மருந்து நோய்க்கு முன்பே பிறந்திருந்தது. இரட்டிக்காமல், எழுத்துக்கு எழுத்து ஒரே சீராக நடந்து முடிவு சொல்லும் முறை ஒன்றை 1968-ஆம் வருஷத்திலேயே வெளியிட்டவர், பின்னாளில் கடவுச்சொற் கட்டுரையை மாரிஸோடு சேர்ந்து எழுதிய அதே கென் தாம்ப்ஸன். பிற்காலத்தில் வந்த பல மொழிகள் வேறு வசதிகளை நாடி அந்த முறையைக் கைவிட்டுவிட்டன. வேலையைப் பெருக்கும் உள்ளீட்டைத் தந்தே கணினியைத் திணறடிக்கலாம் என்பதை 2003-இல் ரைஸ் பல்கலைக்கழகத்துக் கிராஸ்பியும் வாலக்கும் முறையாக விளக்கி எச்சரித்தார்கள். எச்சரிக்கை காதில் விழவில்லை. 2016 ஜூலை 20-ஆம் தேதி, புரோகிராமர்கள் தங்கள் ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளம் 34 நிமிஷம் நின்றுபோனது. எவரோ எழுதிய ஒரு பதிவின் நடுவே சுமார் 20,000 வெற்றிடங்கள் இருந்தன, ஓரத்து வெற்றிடத்தை நறுக்கும் ஒரு வாய்பாடு அவற்றில் சிக்கிக்கொண்டு சுமார் இருபது கோடிச் சோதனைகளில் ஆழ்ந்தது. 2019 ஜூலை 2-ஆம் தேதி, உலகத்து இணையப் போக்குவரத்தில் கணிசமான பகுதியைத் தாங்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில், தாக்குதலைத் தடுக்க வைத்த புதிய விதி ஒன்றே 27 நிமிஷம் எல்லா வாசல்களையும் அடைத்தது. இவ்விரண்டிலும் கடவுச்சொல் சம்பந்தப்படவில்லை, பகைவனும் சம்பந்தப்படவில்லை. காவலன் தன் வேலையைச் செய்ததனாலேயே வாசல் அடைபட்டது. எங்கள் பந்தலில் நடந்ததுபோல.

மூன்று முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடுவது என்ற வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருடனைத் தடுக்கும் அந்தப் பூட்டை, உங்கள் பெயர் மாத்திரம் தெரிந்த எவனும், வேண்டுமென்றே மூன்று முறை தவறாகச் சொல்லி உங்கள் மேல் பூட்டிவிட்டுப் போகலாம்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமாகிய நிஸ்ட் 2003-இல் தயாரித்த வழிகாட்டிதான் எண், குறியீடு, பெரிய எழுத்து என்ற விதிகள் உலகமெங்கும் பரவக் காரணமாயிற்று. அதை எழுதிய பில் பர், தாம் அன்று செய்ததில் பெரும்பகுதிக்காக இன்று வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். பெரிய மனிதருக்கு அழகான சொல் அது. அதே ஆண்டில் வந்த புதிய வழிகாட்டி அந்தக் கலவை விதிகளைக் கைவிட்டது. எட்டு எழுத்துக்குக் குறையாமல் வேண்டும், 64 எழுத்து வரையிலாவது அனுமதிக்க வேண்டும், தொடர்ந்து நூறு முறைக்கு மேல் ஒருவரைத் தவறாக முயல விடக்கூடாது என்று சொன்னது. வாய்பாட்டுக்கு வேலை குறைந்தது. நீளம் என்பது ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிடும் காரியம். பத்து லட்சம் எழுத்து வந்தாலும் கணப்பொழுதில் முடியும். அதை முதலில் செய்து, ஒரே இடத்திலிருந்து எத்தனை முறை வருகிறார்கள் என்பதை அடுத்துப் பார்த்து, அவற்றைக் கடந்து வந்தவர்களுக்கு மாத்திரம் மந்தமான பெரிய கணக்கைத் தொடங்குவது இப்போது நல்ல தளங்களில் கைக்கொள்ளும் கிரமம். ஊர், பேர், தொகை. பழைய நோட்டு பிறகு.

எங்கள் ஊருக்குக் கீரமங்கலம் என்ற பெயர் நக்கீரரால் வந்ததாக ஐதிகம். மெய்நின்றநாத சுவாமி கோயிலில் அவருக்குச் சிலை இருக்கிறது. இறைவன் பாட்டையே சோதித்தவர் என்று புராணம் போற்றும் ஒருவர் பெயரைத் தாங்கிய ஊரில் பிறந்ததனாலோ என்னவோ, சோதிக்கிறவனுடைய சிரமத்தைப் பற்றி நான் இத்தனை நேரம் பேசிவிட்டேன்.

வரம்பு வைப்பதிலும் ஒரு தீங்கு ஒளிந்திருக்கிறது. வரம்பைச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும், சொல்லாமல் நறுக்கலாகாது. பீகிரிப்ட் 72-க்கு மேற்பட்டதை வாய் திறக்காமல் விட்டுவிடும் என்று சொன்னேன் அல்லவா? முதல் 72 பைட் ஒன்றாக இருக்கும் இரண்டு வேறு சொற்கள் அதற்கு ஒரே சொல். நிறுவனங்களின் நுழைவாயிலைக் காக்கும் ஓக்டா என்ற அமைப்பில், பயனர் எண், பெயர், கடவுச்சொல் மூன்றையும் சேர்த்து அந்தக் கணக்கில் இட்டிருந்தார்கள். பெயர் 52 எழுத்துக்குக் குறையாமல் இருந்தால், கடவுச்சொல் பார்வைக்கு எட்டாமலே போய், சில சூழ்நிலைகளில் முந்திய நுழைவின் நினைவைக்கொண்டே வாசல் திறந்துவிடும் என்பது 2024 அக்டோபர் 30-ஆம் தேதி கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

இப்போது எங்கள் பக்கத்து மொய் விருந்துகளில் கணினியும், பணம் எண்ணும் இயந்திரமும், கண்காணிப்புக் காமிராவும் வந்துவிட்டன. எழுதியவர் கையில் உடனே ரசீது அச்சாகி வருகிறது. சமீபத்தில் ஒரு விருந்தில் நான் வரிசையில் நின்றிருந்தபோது, எனக்கு முன்னால் இருந்த அம்மாள் ரசீதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ஊரு பாதிதான் விழுந்திருக்கு, வடக்குன்னு வரலையே, தெக்கால ஒருத்தி எம் பேர்ல இருக்கா” என்றாள். கணினி முன் இருந்த பையன் திரையைப் பார்த்தான். ஊர்ப்பெயருக்கு ஒதுக்கிய கட்டம் நிறைந்துபோயிருந்தது. “இடம் அவ்வளவுதான் ஆத்தா, மிச்சத்தைக் கீழே குறிப்புல போட்டுத் தர்றேன்” என்று சொல்லி, தட்டச்சு செய்து, புது ரசீதை எடுத்து, அவள் கையில் கொடுப்பதற்கு முன் ஊர், பேர், தொகை, குறிப்பு நான்கையும் சத்தமாக வாசித்தான். அவள் ரசீதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். நான் என் ஊரையும் பேரையும் சொன்னேன்.